ஆயிரம் அடி

ரயில் போகட்டும். மெதுவாகவே போகட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. கேட் இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். சோளக்காட்டுப் பக்கமிருந்து வெயில் சாய்வாக வந்து தையலின் மடியில் விழுகிறது, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கிற ஊர் இது, கோடையில் இங்கே இருட்டுவதற்கே மனசு வராது. பக்கத்துச் சீட்டில் அவள் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாள். தையல்நாயகி, என் மனைவி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், டவுன்ஹால் கூட்டத்துக்குப் பட்டுப்புடவை. டிக்கியில் அவளுடைய சக்கர நாற்காலி மடங்கிக் கிடக்கிறது. முன்னால் கூட்ஸ் வண்டி, எண்ணெய் டாங்கர், கட்டை அடுக்கிய பெட்டி, மறுபடியும் டாங்கர். ஜெயித்துவிட்டோம். ஜெயித்தோம் என்று சொல்லக்கூடாதோ, நான் ஒன்றுமே பண்ணவில்லையே, ஆனாலும் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் டவுன் திட்டக்குழு சரி என்று சொல்லிவிட்டது: மெயின் ரோட்டில் மூடிக் கிடக்கும் பழைய பேங்க் கட்டடத்தில், டாக்டர் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் கஞ்சா மருந்து விற்கும் கடை வரலாம். வரலாம். அந்த வார்த்தையை வெற்றிலை மாதிரி வாயில் அடக்கிக்கொண்டுதான் டவுன்ஹால் படியிறங்கினேன், இன்னும் துப்பவில்லை. உடம்பில் எங்கெங்கோ முடிச்சுகள் அவிழ்கின்றன. தோள்பட்டை, தாடை, வயிறு. இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போலிருக்கிறது, தாடையை விட்டால்தான் தெரிகிறது இவ்வளவு வலி இருந்தது என்று.

பேங்க் இருந்த காலத்தில் அந்தக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அதன் செங்கல் நிறம்கூட எனக்கு மனப்பாடம். அதற்கும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் சர்ச் ஹாலுக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பல் டாக்டர், ஒரு பீட்சா கடை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் இந்த மாதிரிக் கடை வரக்கூடாது என்பது ஊர் சட்டம். நேர்கோட்டில் அளந்தால் ஆயிரம் அடிக்குக் குறைகிறது, நடைபாதையில் நடந்து போனால் கூடுகிறது. சரி, வாரத்தில் ஒரு நாள் காலையில் மட்டும் அ ஆ சொல்லிக்கொடுக்கிற இடம் பள்ளிக்கூடமா இல்லையா என்று ஊர் வக்கீலுக்கே சந்தேகம் வந்து, வகுப்பு நடத்துகிறவர்களையே வந்து சொல்லச் சொன்னார்கள். வகுப்பு நடத்துகிறவன் நான். கலியமூர்த்தி, ஒருங்கிணைப்பாளர், தமிழ் வகுப்பு. எந்தக் கடைக்காக என் வீட்டில் தையலின் கால் ராத்திரியெல்லாம் காத்திருக்கிறதோ அந்தக் கடையைத் தடுக்கிற பள்ளிக்கூடம் என்னுடையது. இதை நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பு வந்த நாளும் உண்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்ற நாளும் உண்டு. அடி அடி என்று பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அளவு தோன்றாது, போலீஸ் ஸ்டேஷன்தான் தோன்றும். அப்பா மன்னார்குடி ஸ்டேஷனில் ரைட்டர். எங்கள் வீட்டில் கஞ்சா என்றால் ஒரு செடி இல்லை, மருந்தும் இல்லை, அது ஒரு கேஸ். எவன்மேலாவது கோபம் வந்தால் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொல்வார், கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளினாத்தான் சரிப்படுவான். பிடித்த பொட்டலங்கள் அவர் மேஜைக்குப் பின்னால் சாக்கில் கிடக்கும், அந்த வாசனை அவர் காக்கிச் சட்டையில் ஏறி வீட்டுக் கொடியில் காயும். தையலுக்கு முதல்முதலாக அந்தச் சின்னக் கஞ்சா எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தேனே, அன்றைக்கு அதே வாசனையில் சமையலறைக்குள் அப்பா வந்து நின்றார். நான் மூடியைக் கீழே போட்டுவிட்டேன்.

அவளுக்கு வந்திருப்பது நரம்புக்கு மேலே இருக்கிற உறை உரிந்துபோகிற நோய். வயரில் பிளாஸ்டிக் உரிந்தால் கரண்ட் கண்ட இடத்தில் பாயும் இல்லையா, அப்படி என்று டாக்டர் கையில் சார்ஜர் வயரை வைத்துக்கொண்டு காட்டினார். நாள் முழுக்க ஒன்றும் இருக்காது, சாயங்காலம் ஆனால் இடது கால் விறைக்க ஆரம்பிக்கும். உலக்கை மாதிரி. முட்டி மடங்காது, விரல்கள் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும், நான் அவள் பாதத்தை என் மார்பில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்துவேன், அவள் தலையணை உறையைக் கடித்துக்கொள்வாள், கத்த மாட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும் என்று. மற்ற மாத்திரையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள், தின்றால் அடுத்த நாள் மத்தியானம்வரை எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள், அல்லது வாந்தி. இந்த எண்ணெயை டாக்டர் எப்போதோ சொன்னார், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை கையில் வரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார் வக்கீல், மாநிலம் சரி என்றாலும் டெல்லி மாதிரி மேலே ஒரு வாஷிங்டன் இருக்கிறது, அவர்களுக்கு இது இன்னும் குற்றம்தான், கிரீன் கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே காத்திருந்தோம். கொடியைப் பார்த்துக் கையை உயர்த்திச் சத்தியம் பண்ணி வெளியே வந்ததும் மற்றவர்கள் கேக் வெட்டப் போனார்கள், நாங்கள் டாக்டரிடம் போனோம். நாக்குக்கு அடியில் சில சொட்டு. கொஞ்ச நேரத்தில் என் மார்பில் அழுத்திக்கொண்டிருந்த பாதம், எப்படிச் சொல்வது, தூக்கம் வந்த குழந்தையின் கை பிடியை விடுமே, அப்படி விட்டது. தையல் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். விட்டுடுச்சுங்க, என்றாள் ரகசியமாக, சத்தமாகச் சொன்னால் காலுக்குக் கேட்டுவிடும் என்கிற மாதிரி.

ஆனால் வெளியே சொல்லக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். ஊர் சட்டத்தை மாற்ற ஒரு குழு உண்டு, அவள் சட்டத்துக்கு யாரும் இல்லை. "முட்டிவலின்னு சொல்லுங்க. எலும்புத் தேய்மானம்னு சொல்லுங்க. கஞ்சா எண்ணெய் குடிக்கிறவள்னு என்னை யாரும் ஒரு பார்வை பாத்தாங்கன்னா நான் தாங்க மாட்டேன்." அவளும் தமிழ் வகுப்பில் டீச்சர்தானே, தையல் டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கு. குளிர்காலத்தில் கால் மோசமானதும் நிறுத்திக்கொண்டாள், எல்லோருக்கும் முட்டிவலி என்று சொல்லிவிட்டேன். மருந்துக்கு நான் போவேன். வேறொரு டவுனில், ஹைவேயில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜனவரியில் ஒரு தடவை திரும்பி வரும்போது பனியில் கார் வழுக்கிப் பாதி வட்டம் சுற்றிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்து போனது. அப்போது எனக்குச் சாவு ஞாபகம் வரவில்லை, தையல் ஞாபகம்கூட வரவில்லை, சட்டைப் பையில் பாட்டில் இருக்கிறது, போலீஸ் வந்து பையைத் தடவும், அதுதான் வந்தது. சட்டப்படி எல்லாம் சரி, மருந்து வாங்குகிற அட்டை இருக்கிறது, ரசீது இருக்கிறது, ஆனாலும் ரைட்டர் மகன். பள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்த ரோடு இல்லை. பீட்சா கடையைத் தாண்டி நடந்து போய் வாங்கிக்கொண்டு வரலாம், குடை பிடித்துக்கொண்டு போகலாம், சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போகலாம். இன்னும் எத்தனை பெட்டி இந்த ரயிலில், வால் தெரியவில்லை, தெரியவேண்டாம், நன்றாக இருக்கிறது இந்தத் தடதடப்பு, இருக்கை வழியாக முதுகில் ஏறி யாரோ தட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

சிதம்பரதாணு சார்தான் என்னைப் பேசச் சொன்னார். தமிழ்ச் சங்கத் தலைவர், நாகர்கோவில்காரர், நல்ல மனுஷர், நல்ல மனுஷர் என்பதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் முடியாது போய்யா என்றிருக்கலாம். "நம்ம பிள்ளைகள் படிக்கிற இடம் பக்கத்துல கஞ்சாக் கடையா? கமிட்டி முழுக்க எதிர்ப்புன்னு முடிவு பண்ணியாச்சு. நீங்க போலீஸ்காரர் மகன், நீங்க பேசினாத்தான் சரியா இருக்கும்," என்றார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் தையலுடையது, என்னுடையதில்லை. சரி சார் என்றேன். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி தலை பின்னிக்கொண்டிருந்தாள், பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டுத்தான் பேசினாள். "போய்ப் பேசிட்டு வாங்க." என்ன பேச? "என் பேரு வராம என்ன வேணா பேசுங்க." அதிலிருந்து தூக்கம் இல்லை. ஆபீசில் யாரோ ஒருத்தருக்கு அனுப்பிய ஈமெயிலில் ஆயிரம் அடி என்று எழுதியிருந்தேன், ஆயிரம் யூனிட் என்று எழுதவேண்டியது. எதிர்த்துப் பேசினால் கடை வராது, மருந்து தீர்ந்த ராத்திரிகளில் அவள் கால் என் மார்பில். ஆதரித்துப் பேசினால் ஏன் என்பார்கள், பேசாமல் வந்தாலும் ஏன் என்பார்கள். சுற்றிச் சுற்றி எந்த வாசலுக்குப் போனாலும் அங்கே தையல் பின்னல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கு டவுன்ஹாலில் என் முறை வருவதற்குள் பலபேர் பேசிவிட்டார்கள். பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு அப்பா, எங்கள் தெருவைக் கெடுக்காதீர்கள் என்றார், குரல் உடைந்தது, அவர் வீட்டில் என்ன நடந்ததோ. அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, அதுவும் கஷ்டமாக இருந்தது. திட்டக்குழுத் தலைவி மிசஸ் ஹாலரன், வெள்ளை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, என் பெயரைச் சொல்லத் திணறி, "மிஸ்டர் கே" என்று கூப்பிட்டாள். எழுந்து போனேன். மைக்கில் பேசுகிற நேரத்தைக் காட்டும் ஒரு சின்னப் பச்சை விளக்கு. என் பெயர் சொன்னேன், தமிழ் வகுப்பு நடத்துகிறேன் என்று சொன்னேன். அதோடு நின்றுவிட்டது. மறந்துபோகவில்லை, வார்த்தையெல்லாம் இருந்தது, சிதம்பரதாணு சார் சொல்லிக்கொடுத்த ஆங்கில வாக்கியம் ஒவ்வொன்றும் வரிசையாக நின்றது, வாசலில் யாரோ குறுக்கே படுத்திருக்கிற மாதிரி ஒன்றும் வெளியே வரவில்லை. என் மூச்சு மைக்கில் பெரிதாகக் கேட்டது. பச்சை விளக்கு மஞ்சளானது. "நிதானமாகப் பேசுங்கள், சார்," என்றாள் மிசஸ் ஹாலரன். முதல் வரிசையில் சிதம்பரதாணு சார் தலையை ஆட்டி ஆட்டி எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பின்னால் கதவு சத்தம். நான் திரும்பவில்லை. சக்கரம் உருள்கிற சத்தம், அந்த இடதுபக்கச் சக்கரத்தின் கிறீச், எனக்குத் தெரியாதா அது, எண்ணெய் போடவேண்டும் என்று நான்தான் நாள் கடத்திக்கொண்டிருக்கிறேன். திரும்பினேன். அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை, முதுகில் நீளப் பின்னல், நெற்றியில் பெரிய பொட்டு. சக்கர நாற்காலிக்காரர்களை ஏற்றிப்போகும் டவுன் வேனுக்கு அவளே போன் பண்ணி வரவழைத்திருக்கிறாள். பாதையை மறித்துக்கொண்டிருந்த நாற்காலிகளை இரண்டு பேர் எழுந்து நகர்த்தினார்கள், அதில் ஒருவர் பேஸ்பால் தொப்பி.

"அவரால் சொல்ல முடியாது," என்றாள், ஆங்கிலத்தில், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது, வகுப்பில் பேசுகிற குரல். "சொல்லக் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். அவருடைய மிச்ச நேரத்தில் நான் பேசலாமா?" மிசஸ் ஹாலரன் விளக்கை மறுபடி பச்சையாக்கினாள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது, முதலில் அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்தது. நோயின் பெயரைச் சொன்னாள். காலைச் சொன்னாள். எண்ணெயைச் சொன்னாள். ராத்திரி என் மார்பைச் சொன்னாள், ஐயோ, அதையும் சொன்னாள். "இந்தத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான். போன இலையுதிர்காலம் முழுக்க, முந்தின ராத்திரி அந்த மருந்தைப் போட்டுத் தூங்கினதால்தான் ஞாயிற்றுக்கிழமை என்னால் வகுப்புக்கு வர முடிந்தது. கடை பிள்ளைகளுக்கு ஆயிரம் அடி தள்ளி இருக்கவேண்டும் என்று சொல்கிறீர்கள். நான் அவர்களுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைத்தேன். யாரும் பயப்படவில்லை." அவ்வளவுதான். கும்பிட்டாள். விளக்கு சிவப்பாவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். நான் சிதம்பரதாணு சாரைப் பார்க்கவில்லை, அவர் ஷூவைப் பார்த்தேன், இரண்டு ஷூவும் சேர்ந்து இருந்தன, பிறகு எழுந்தன. முடிந்தது என்று நினைத்தேன். வகுப்பு போயிற்று, சங்கம் போயிற்று, ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. அவர் மைக்குக்கு வந்து தொண்டையைச் செருமினார். நான் தலைவர் என்றார். கமிட்டி எதிர்ப்பதாக முடிவெடுத்தது என்றார். தையல் பக்கம் திரும்பினார். "அந்தக் கமிட்டிக்கு அரைகுறையாகத்தான் விஷயம் தெரியும். எங்கள் டீச்சருக்கு வேண்டியது எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடையைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கமிட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன்." அந்த நிபந்தனையைச் சேர்த்துத்தான் ஓட்டுக்கு விட்டார்கள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள், சரி, இல்லை, இல்லை, சரி, கடைசியில் மிசஸ் ஹாலரன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சரி என்றாள். தொப்பிக்காரர் வெளியே போனார், போகும்போது எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பார்க்கிங்கில் நாற்காலியைச் சிதம்பரதாணு சார் வாங்கி மடக்கி டிக்கியில் வைத்தார். காருக்குள் உட்கார்ந்திருந்த தையலைக் குனிந்து பார்த்தார். "முட்டிவலின்னுல்லாம்மா சொன்னிய?"

"முட்டியும் வலிக்குது சார்."

அவருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, பிறகு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், போகட்டும் போங்க, போய்ப் படுங்க என்றார். காரை எடுத்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் தையல், வெளியே தெரிவது உனக்குப் பிடிக்காதே. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எனக்காக அங்க போய் எதிர்த்துப் பேசிட்டு வந்துருவீங்கன்னு பயமா இருந்துச்சு. பேசிட்டு வந்து, அப்புறம் ஆயுசுக்கும் என் மூஞ்சியைப் பாக்க முடியாம ஒரு மாதிரி சுத்திக்கிட்டிருப்பீங்க. அதுக்கு இவங்க பாக்குற பார்வையே தேவலாம்." அதற்குப் பிறகு தூங்கிவிட்டாள். நான் நிஜமாகவே பேசியிருப்பேனா? எதிர்த்து? வாசலில் குறுக்கே படுத்திருந்தது யார்? தெரியவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் அவள் வராமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியாமல் போனதே நல்லது, அந்தக் கதவைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் இனி இல்லை. பயப்படுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மனசு தன் பழக்கத்துக்குத் தேடிக்கொண்டே இருக்கிறது, ஆபீசில் தெரிந்தால், ஊரில் அவள் அண்ணனுக்குத் தெரிந்தால், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டால். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எடை குறைந்திருக்கிறது, கெட்டுப்போன பல்லைப் பிடுங்கின இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரிதான், அங்கே ஒன்றும் இல்லை, இல்லாதது இனிக்கிறது.

போன் அடித்தது. லோகநாயகி. திருப்பூர்க்காரப் பெண், அவள் மகள் தையலிடம் படித்த பிள்ளை. இதோ வந்துவிட்டது. டவுன்ஹால் கூட்டத்தை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்கள், பார்த்திருப்பாள், எங்க பிள்ளைய அப்படி ஒரு டீச்சர்கிட்டயா விட்டோம் என்று கேட்கப் போகிறாள். எடுக்காமல் விடலாம். ரயில் சத்தம், கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எடுத்தேன்.

"அண்ணா, நான் லோகநாயகிங்க. பாத்தமுங்க, எல்லாம் பாத்தமுங்க." அழுதுகொண்டிருந்தாள். "முட்டிவலின்னு நெனச்சு நொச்சித் தைலமாக் காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்துட்டனேங்கண்ணா, அவங்களும் நல்லாருக்குன்னு வாங்கி வெச்சுக்கிட்டாங்களே. இப்ப எப்பிடி இருக்காங்க டீச்சர்?"

நல்லா இருக்கா என்று வாய் தானாகப் போனது, பாதியில் நிறுத்தினேன். யாரும் என்னிடம் கேட்டு நான் உண்மையைச் சொன்ன ஞாபகமே இல்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. "சாயங்காலம் ஆனா கஷ்டம்மா," என்றேன். "பகல்ல பரவாயில்ல. சாயங்காலம் ஆனா வலது கால்..."

"இடது கால்," என்றாள் தையல்.

கண்ணை மூடியபடியேதான் இருந்தாள். எப்போதிலிருந்து விழித்திருக்கிறாளோ. "இத்தனை நாள் புடிச்சு அமுக்குனவருக்கு எந்தக் காலுன்னு தெரியல. குடுங்க இப்படி." கையை நீட்டினாள், போனைக் கொடுத்தேன். "லோகு, ஏன் அழுவுற? மூக்கைச் சிந்து முதல்ல. சொல்றேன், கேளு. இடது கால், தொடையிலேருந்து ஆரம்பிக்கும்..."

கேட் உயர்ந்திருந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் லேசாக ஒரு தடவை ஹாரன் அடித்தார். நான் எஞ்சினைப் போட்டுத் தண்டவாளத்தின்மேல் மெதுவாக ஏற்றினேன், அவள் பேச்சு குலுங்காமல் இருக்க வேண்டுமே என்று. அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், எங்கே விறைக்கும், எப்படி இழுக்கும், எப்போது விடும், பக்கத்து வீட்டில் மாவு அரைத்த கதையைச் சொல்கிற மாதிரி, நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள்.